பேலேகு: பிரிவு என்ற பெயருக்குள் ஓடும் நீர்

ஆதியாகமத்தின் 10-ஆம் அதிகாரத்தைச் சத்தமாக வாசிக்கும் முறை வந்தால், நம்மில் பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடித்தான் முடிப்போம். சேம், காம், யாப்பேத், அவர்களுடைய பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள் என்று பெயருக்குப் பின்னால் பெயர் வந்துகொண்டே இருக்கும். வீட்டு ஜெபத்தில் ஆளுக்கொரு வசனமாக வாசிக்கும்போது இந்த அதிகாரம் வந்துவிட்டால், சின்ன வயதில் நான் விரல்விட்டு எண்ணி என் பங்கு எது என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வேன். ஒருமுறை 25-ஆம் வசனம் வந்தது. "ஏபேருக்கு இரண்டு குமாரர் பிறந்தார்கள், ஒருவனுக்குப் பேலேகு என்று பேர், ஏனெனில் அவனுடைய நாட்களில் பூமி பகுக்கப்பட்டது, அவன் சகோதரன் பேர் யொக்தான்." வாசித்து முடித்ததும், பூமி எப்படிப் பகுக்கப்பட்டது என்று கேட்டேன். அடுத்த வசனத்துக்குப் போகச் சொன்னார்கள்.

அந்தக் கேள்வி சின்னக் கேள்வி இல்லை என்று பிற்பாடு புரிந்தது. அந்த அதிகாரத்தில் இத்தனை பெயர்கள் இருந்தும், ஒரு தனி மனிதனைப் பற்றி நின்று ஒரு வார்த்தை சொல்லும் இடங்கள் இரண்டே. ஒன்று நிம்ரோத், பலத்த வேட்டைக்காரன், ராஜ்யங்களைத் தொடங்கியவன். இன்னொன்று பேலேகு. நிம்ரோதுக்காவது அவன் செய்த காரியங்கள் இருக்கின்றன. பேலேகு எதையும் செய்ததாக வேதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவனுக்கு இருப்பது ஒரு பெயரும், அந்தப் பெயருக்கு ஒரு "ஏனெனில்" என்ற காரணமும்தான்.

முதலில் பெயரைப் பிரித்துப் பார்ப்போம். எபிரெயத்தில் அது மூன்று எழுத்து: பே, லாமெத், கீமெல். ப-ல-க என்ற வேர். அந்த மொழியில் வேர் என்பது பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகள். உயிர் ஒலிகள் மாறிமாறி வந்து அந்த மெய்களின்மேல் உட்காரும், பொருள் அதற்கேற்பக் கிளைக்கும். ப-ல-க என்றால் பிளத்தல், பிரித்தல், பகுத்தல். வசனத்தில் "பகுக்கப்பட்டது" என்று வரும் வினைச்சொல் எபிரெயத்தில் "நிஃப்லெகா". பேலேகு என்ற பெயரும் நிஃப்லெகா என்ற வினையும் ஒரே வேர். காதில் விழும்போதே இரண்டும் ஒன்றோடொன்று மோதி ஒலிக்கும்: பெலெக், நிஃப்லெகா. எழுதியவர் அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டே எழுதியிருக்கிறார்.

கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்த ஒலி செத்துப்போயிற்று. அங்கே பெயர் "பாலேக்" என்றும் வினை "தியெமெரிஸ்தே" என்றும் ஒட்டுறவு இல்லாமல் நிற்கும். சீரியாக் மொழியில் அதே வேர் உயிரோடு இருந்ததால் சிரமமே இல்லாமல் தப்பியது. தமிழில் நடந்தது ஓர் அழகான தற்செயல். பேலேகு, பகு. இரண்டுக்கும் வரலாற்றில் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனாலும் ப-வும் க-வும் நம் காதுக்கு எட்டுகின்றன. "பிரிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தால் அந்த ஒலி போயிருக்கும். மொழிபெயர்த்தவர்கள் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, நமக்கு லாபம்.

கிரேக்கத்தில் முதல் எழுத்து ஏகாரம் பெறாமல் "பா" என்று வருகிறதே, அதற்கும் காரணம் உண்டு. பெலெக் என்ற உச்சரிப்பு பிற்காலத்தது. பழைய வடிவம் "பல்க்". கடைசியில் இரண்டு மெய்கள் சேர்ந்து வருவது நாவுக்கு இடைஞ்சலாக இருந்ததால் நடுவில் ஓர் உயிரொலி நுழைந்தது, முதல் உயிரும் அதற்கு இணங்கி மாறியது. அரசன் என்று பொருள்படும் "மெலெக்" என்ற சொல்லுக்கும் இதே கதைதான். அதன் பழைய உருவம் "மல்க்". எபிரெயத்தில் "மல்கி" என்று தொடங்கும் மெல்கிசேதேக்கு என்ற பெயரின் முன்பாதியில் அந்தப் பழைய உரு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆதியாகமத்திலேயே வாக்கியம் நின்று மூச்சுவிடும் இடத்தில் இந்தப் பெயர் "பாலெக்" என்று வரும். பாபிலோனிய, அசீரிய மக்கள் பேசிய அக்காதிய மொழியில் இதே சொல் "பல்கு". அங்கே அதன் பொருள் வாய்க்கால்.

இந்த இடத்தில்தான் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். பெயர்ப் பொருள் சொல்லும் கையேடுகளில் பேலேகு என்றால் "பிரிவு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். தவறில்லை, ஆனால் பாதிதான். பெலெக் என்பது எபிரெயத்தில் பெயர்ச்சொல்லாக வரும் இடங்களை எடுத்துப் பாருங்கள். அது ஏறக்குறைய எப்போதும் தண்ணீரோடுதான் வருகிறது.

முதலாம் சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம். "அவன் நீர்க்கால்களின் ஓரமாய் நடப்பட்டு, தன் காலத்தில் தன் கனியைத் தந்து, இலையுதிராதிருக்கிற மரத்தைப்போலிருப்பான்." இந்த "நீர்க்கால்கள்" எபிரெயத்தில் "பல்கே மாயிம்". பேலேகுவின் பெயரேதான், பன்மையில். எபிரெயத்தில் நதிக்கு "நஹர்" என்று தனிச்சொல் உண்டு. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் காட்டாற்றுக்கு "நஹல்" உண்டு. பெலெக் அப்படிப்பட்டது இல்லை. பெரிய நீரிலிருந்து பிரித்து, நிலத்தை வெட்டி, வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகும் கால். அந்த மரமும் தானாக முளைத்தது இல்லை. "நடப்பட்டு" என்பதற்கான எபிரெயச் சொல் பெயர்த்து நடுவதைக் குறிக்கும். ஆக, சங்கீதக்காரன் கண்முன் இருப்பது காட்டாற்றங்கரை இல்லை. யாரோ வாய்க்கால் வெட்டி, யாரோ கன்று வைத்த தோட்டம். பல மொழிகளில் இதை "நதிகள்" என்று பொதுவாக மொழிபெயர்த்துவிட்டார்கள். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பிலும் "நீரோடை" என்றுதான் இருக்கிறது. 1871-ஆம் ஆண்டின் பழைய தமிழ் மொழிபெயர்ப்புதான் "நீர்க்கால்" என்று சரியாகப் பிடித்தது. வாய்க்கால் பாசனத்தோடு வாழ்ந்த மொழிக்கு அந்தச் சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

நீதிமொழிகள் 21-ஆம் அதிகாரம் முதல் வசனமும் அப்படித்தான். "ராஜாவின் இருதயம் கர்த்தரின் கையில் நீர்க்கால்களைப்போலிருக்கிறது, அதைத் தமது சித்தத்தின்படி அவர் திருப்புகிறார்." இதுவும் பல்கே மாயிம். வயலில் நின்று மடையைத் திருப்பிவிடும் விவசாயியைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமைக்கு விளக்கமே வேண்டாம். ஒரு மண்வெட்டி மண்ணை இந்தப் பக்கம் வைத்து அந்தப் பக்கம் எடுத்தால் போதும், தண்ணீர் வேறு பாத்திக்குப் போய்விடும். நதியை அப்படித் திருப்ப முடியாது. வாய்க்காலைத்தான் திருப்பலாம். 46-ஆம் சங்கீதத்தில் "ஒரு நதியுண்டு, அதின் நீர்க்கால்கள்" என்று வரும் இடத்தில் நஹரும் பெலெக்கும் அடுத்தடுத்து நிற்கின்றன: நதி ஒன்று, அதிலிருந்து பிரியும் கால்கள் பல.

பெயர்ச்சொல் இப்படி என்றால், வினைச்சொல்லின் கதை இன்னும் சுவையானது. பலக் என்ற வினை எபிரெய வேதம் முழுவதிலும் நான்கே இடங்களில் வருகிறது. இரண்டு, பேலேகுவின் பெயர்க் காரணம். ஆதியாகமத்தில் ஒன்று, அதை அப்படியே திருப்பிச் சொல்லும் 1 நாளாகமம் 1:19-இல் ஒன்று. மூன்றாவது யோபு 38-ஆம் அதிகாரம். பெருங்காற்றிலிருந்து கர்த்தர் யோபுவிடம் கேட்கிறார், வெள்ளத்துக்கு நீர்க்கால்களைப் பகுத்தவர் யார் என்று. அங்கேயும் தண்ணீர்! பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அங்கேயும் "பகு" என்றே வைத்திருக்கிறது. நான்காவது 55-ஆம் சங்கீதம், 9-ஆம் வசனம்: "ஆண்டவரே, அவர்களை அழித்து, அவர்கள் பாஷையைப் பிரிந்துபோகப்பண்ணும்." எபிரெயத்தில் அச்சொட்டாக, அவர்கள் நாவைப் பிள என்பது. எதிரிகள் கூடிப் பேசும் பேச்சு ஒருவருக்கொருவர் புரியாமல் போகட்டும் என்ற வேண்டுதல். கோபுரம் கட்டியவர்களின் பாஷையைக் கர்த்தர் தாறுமாறாக்கிச் சிதறடித்த பாபேல் கதை, வாசிக்கும் எவருக்கும் ஞாபகம் வராமல் இருக்காது.

நான்கு இடங்களில் ஒன்று தண்ணீர், ஒன்று மொழி, மற்ற இரண்டும் பேலேகு. அவனுடைய நாட்களில் பகுக்கப்பட்டது எது என்ற சண்டை முழுவதும் இந்தச் சின்ன எண்ணிக்கைக்குள்தான் நடக்கிறது.

மிகப் பழைய பதில்களில் ஒன்று யூபிலி நூல் தருவது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் எபிரெயத்தில் எழுதப்பட்டு, இன்று எத்தியோப்பியாவின் கீஸ் மொழியில் மட்டுமே முழுமையாகக் கிடைக்கும் நூல். அதன் எபிரெயத் துண்டுகள் சவக்கடல் ஓரம் கும்ரான் குகைகளில் கிடைத்தன. அதன்படி பேலேகு பிறந்த நாட்களில் நோவாவின் பிள்ளைகள் பூமியைத் தங்களுக்குள் பங்குபோடத் தொடங்கினார்கள், அதனால் அந்தப் பெயர். பாகப்பிரிவினை, சரியாகச் சொன்னால். முதலில் திருட்டுத்தனமாகப் பங்கு போட்டார்களாம், பிறகு நோவாவுக்குத் தெரிந்து, அவர் முன்னிலையில் சீட்டுப்போட்டு எல்லை குறித்தார்களாம். சொத்துக்காகச் சகோதரர்கள் முறைத்துக்கொண்டு நிற்பதையும், பெரியவர் நடுவில் உட்கார்ந்து தீர்த்து வைப்பதையும் பார்த்த எந்த ஊர்க்காரருக்கும் இந்தக் காட்சி அந்நியமாகத் தெரியாது.

முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் வேறு பக்கம் போனார். மக்கள் இனங்கள் தங்கள் தங்கள் நாடுகளுக்குச் சிதறிய காலத்தில் பிறந்தவன் என்பதால் அந்தப் பெயர், எபிரெயர் பிரிவை அப்படித்தான் சொல்வார்கள் என்று எழுதினார். அதாவது பாபேல் கோபுரம். பின்னால் வந்த ரபிகளும், அதாவது யூத வேத ஆசிரியர்களும், இந்தப் பக்கமே நின்றார்கள். பாபேலில் சிதறிய தலைமுறைக்கு அவர்கள் வைத்த பெயரே "தோர் ஹஃப்லகா", பகுக்கப்பட்ட தலைமுறை என்பது. பாபேல் கதையில் இந்த வேர் ஓரிடத்திலும் இல்லை, அங்கே வருவது "பூத்ஸ்", சிதறடித்தல். ஆனாலும் அந்தத் தலைமுறைக்குப் பெயர் பேலேகுவின் வேரிலிருந்து வந்துவிட்டது. ஒன்றும் செய்யாத மனிதன் ஒரு சகாப்தத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறான்.

ரபிகளின் வாதம் ஒன்றைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது. சேதெர் ஓலாம் என்ற பழைய காலக்கணக்கு நூலில் இருப்பது, 11-ஆம் நூற்றாண்டு பிரான்சில் வாழ்ந்த உரைகாரர் ராஷியும் அதை எடுத்துச் சொல்கிறார். "அவனுடைய நாட்களில்" என்றால் எப்போது? பிறந்தபோதா, நடுவயதிலா, கடைசியிலா? பிறந்தபோது என்று சொல்ல முடியாது. ஏனென்றால் தம்பி யொக்தான் அவனுக்கு இளையவன், அந்தத் தம்பிக்கு 13 பிள்ளைகள், அவர்கள் தனித்தனிக் குடும்பங்களாகப் பிரிந்தவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்கள் பிறந்து வளர்ந்து குடும்பமாக வேண்டாமா? நடுவயது என்றும் வைத்துக்கொள்ள முடியாது, அப்படியானால் வசனம் காலத்தைக் குறிப்பிட்டுச் சொன்னதாக ஆகாது. ஆகவே அவன் நாட்களின் முடிவில்.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். நோவா காலத்து வெள்ளத்துக்கு 2 வருடம் கழித்து சேமின் மகன் அர்பக்சாத் பிறந்தான். அவனுக்கு 35 வயதில் சாலா, சாலாவுக்கு 30 வயதில் ஏபேர், ஏபேருக்கு 34 வயதில் பேலேகு. பேலேகு வாழ்ந்தது 239 வருடம். கூட்டினால் 340. ஆக வெள்ளத்துக்கு 340 வருடம் கழித்து சிதறல். நோவா வெள்ளத்துக்குப் பின் 350 வருடம் இருந்தார் என்பதால், தன் சந்ததி சிதறுவதைப் பார்த்துவிட்டு அவர் இன்னும் 10 வருடம் உயிரோடு இருந்திருக்கிறார். ஆபிரகாமுக்கு அப்போது வயது 48. பெயர்ப் பட்டியலை இப்படிக் கூட்டிக் கழித்துப் பார்க்கும்போதுதான், தனித்தனியாக நிற்பதுபோல் தெரிந்தவர்கள் ஒரே முற்றத்தில் உட்கார்ந்திருந்தது தெரிகிறது.

அப்புறம் ஒரு கேள்வி வருகிறதே. சிதறல் வாழ்க்கையின் கடைசியில் நடந்தது என்றால், பிறந்தபோதே அந்தப் பெயரை எப்படி வைத்தார்கள்? ஏபேர் பெரிய தீர்க்கதரிசி, வரப்போவதை அறிந்து வைத்தான் என்று ரபிகள் பதில் சொன்னார்கள். அதையொட்டி ஆதியாகமத்துக்கான பழைய மித்ராஷ் என்ற யூத விளக்க நூலில் ஓர் உரையாடல் இருக்கிறது. முன்னோர்களுக்குத் தங்கள் வம்சம் நன்றாகத் தெரிந்திருந்தது, அதனால் நடந்த சம்பவத்தை வைத்துப் பெயரிட்டார்கள், நமக்கு வம்சம் தெரியாது, அதனால் நம் தகப்பன்மார் பெயரை வைக்கிறோம் என்கிறார் ரபி யோசே. இல்லை, அவர்களுக்குப் பரிசுத்த ஆவியின் உதவி இருந்தது, நமக்கு இல்லை, அதனால்தான் என்கிறார் ரபான் சிமியோன் பென் கமாலியேல். பாட்டன் பெயரைச் சுமப்பவன் பெயரன், அதுவே பேரன் என்று சொல்லும் மொழியில் இருந்துகொண்டு இதை வாசித்தால் வேறு மாதிரி உறைக்கும். யார் வம்சம் என்பது மறந்துபோய்விடக் கூடாது என்ற கவலைதான் தாத்தா பெயரைப் பிள்ளைக்கு வைக்கச் செய்கிறது என்பது ரபி யோசேயின் கருத்து.

வயதுக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. அதை வாசகர்கள் அதிகம் கவனிப்பதில்லை. 11-ஆம் அதிகாரத்துப் பட்டியலில் ஆயுளை வரிசையாக எழுதிப் பாருங்கள். சேம் 600. அர்பக்சாத் 438. சாலா 433. ஏபேர் 464. அடுத்து பேலேகு, 239. ஒரே எட்டில் பாதி! அதற்குப் பின் ரெகூ 239, செரூகு 230, நாகோர் 148. மனித ஆயுள் இரண்டாகப் பிளக்கும் இடத்தில் பிரிவு என்ற பெயர்கொண்டவன் நிற்கிறான். இதன்படி தகப்பன் ஏபேர், மகன் பேலேகு இறந்து 191 வருடம் வரை உயிரோடிருந்தான். கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்த எண்கள் வேறு, அங்கே பேலேகுவுக்கு 339 வருடம். சமாரியர் தங்களுக்கென்று வைத்திருக்கும் ஐந்தாகமப் பிரதியில் மொத்தம் 239-தான், ஆனால் பிள்ளை பெற்ற வயது 30 இல்லை, 130. ஆகவே எண்களின்மேல் பெரிய மாளிகை கட்டுவது சரியில்லை. ஆனால் எபிரெயப் பிரதியைக் கையில் வைத்து வாசித்த பழைய வாசகர் கண்ணில் அந்தப் பாதி படாமல் இருந்திருக்காது.

இனி, இணையத்தில் அடிக்கடி கண்ணில்படும் விளக்கத்துக்கு வருகிறேன். பூமி பகுக்கப்பட்டது என்றால் கண்டங்கள் பிரிந்தன என்று அர்த்தமாம், ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் பேலேகு காலத்தில்தான் விலகினவாம். பக்தியோடு சொல்பவர்களின் மனதை நோகடிக்க எனக்கு விருப்பமில்லை, ஆனால் இது நிற்காது. கண்டங்கள் நகர்கின்றன என்பது உண்மை. அட்லாண்டிக் கடல் அகலமாகிக்கொண்டிருப்பதும் உண்மை. அது வருடத்துக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர், ஏறக்குறைய நம் நகம் வளரும் வேகம். பேலேகுவின் 239 வருடத்தையும் முழுதாக எடுத்துக்கொண்டாலும் 6 மீட்டர் வரும். ஒரு சாதாரணத் தெருவின் அகலம். அந்தக் கடல் திறக்கத் தொடங்கி 15 கோடி வருடத்துக்கும் மேல் ஆகிறது.

அறிவியலை விடுங்கள், மொழியே அதை ஏற்காது. வசனத்தில் பூமி என்பதற்கு வரும் சொல் "எரெத்ஸ்". அது நிலம், நாடு, மண், அதில் வாழும் மக்கள் எல்லாவற்றையும் குறிக்கும். ஏழே வசனம் தள்ளி, 11-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், "பூமியெங்கும்" ஒரே பாஷை வழங்கிற்று என்று வரும்போது அதே எரெத்ஸ்தான். பாஷை பேசுவது பாறை இல்லையே, மக்கள்தான். 10-ஆம் அதிகாரம் முழுவதும் பேசுவது யார் எங்கே குடியேறினார்கள், எந்த மொழி, எந்த வம்சம் என்பதை. நடுவில் திடீரென்று நிலவியல் பாடம் எடுக்க எழுத்தாளருக்கு எந்த முகாந்தரமும் இல்லை.

இன்னொரு விளக்கத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. அக்காதியப் பல்குவை வைத்துக்கொண்டு சிலர் சொல்வது: பேலேகு காலத்தில் நிலம் வாய்க்கால்களால் பகுக்கப்பட்டது, அதாவது மெசொப்பொத்தாமியாவில் கால்வாய்ப் பாசனம் வந்தது. யூப்ரடீஸ், டைகிரிஸ் இரண்டு ஆறுகளுக்கும் நடுவே உள்ள அந்தச் சமவெளியில் மழையை நம்பி விளைவிக்க முடியாது. கால்வாய் வெட்டுவது அங்கே அரசர்கள் கல்வெட்டில் பெருமையடித்துக்கொள்ளும் காரியம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனாலும் மக்கள் இனங்களின் பட்டியலில் அந்த வசனம் இருக்கிற இடத்தைப் பார்த்தால், பகுக்கப்பட்டது மக்கள் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வாய்க்கால் எனக்கு வேறு விதத்தில் உதவுகிறது. அதைச் சொல்வதற்கு முன் ஓர் ஊரைப் பார்க்க வேண்டும். இந்தப் பட்டியலில் உள்ள பெயர்கள் பல ஊர்ப் பெயர்களும்கூட. செரூகு என்பது ஆரான் நகருக்கு மேற்கே இருந்த சருகி, இன்றைய துருக்கியின் சுருச். நாகோர், தேராகு இரண்டுக்கும் ஒத்த ஊர்ப் பெயர்கள் அசீரிய ஆவணங்களில் அதே வட்டாரத்தில் வருகின்றன. பேலேகுவுக்கு ஆய்வாளர்கள் காட்டும் ஊர் பாலிகா. காபூர் ஆறு யூப்ரடீசில் கலக்கும் இடத்துப் பக்கத்தில் இருந்தது. சாரக்ஸ் ஊர் இசிடோர் என்ற கிரேக்கர் பார்த்தியர் காலத்து வழித்தடத்தை எழுதியபோது இந்த ஊரைக் குறிப்பிட்டு, அதன் பெயரைக் கிரேக்கத்தில் சொன்னால் "நடுவழி" என்று விளக்கம் தந்திருக்கிறார். அரமேயத்தில் "பல்கா" என்றால் பாதி. இரண்டு நீர் கூடும் இடம், பாதை பாதியாகும் இடம், அந்த ஊருக்குப் பிளவு என்று பெயர். முதலில் ஊரா, முதலில் மனிதனா என்பதை ஒரு பெயர்ப் பொருத்தத்தை மட்டும் வைத்துத் தீர்த்துவிட முடியாது. ஆபிரகாமின் முன்னோர்கள் அந்த ஆற்றங்கரை மக்கள் என்ற நினைவு இந்தப் பெயர்களுக்குள் தங்கியிருக்கிறது என்ற அளவில் நான் நிறுத்திக்கொள்கிறேன்.

அரமேயத்துப் பாதி இன்றும் யூதர் வீடுகளில் புழங்குகிறது. மாலை ஜெபத்துக்கான கணக்கில் "பெலக் ஹமின்ஹா" என்று ஒரு நேரம் உண்டு. பகலைப் பன்னிரண்டு பங்காக வைத்து, பிற்பகல் ஜெப வேளையின் கடைசி இரண்டரை பங்கைப் பாதியாக்கினால் வரும் புள்ளி. காலை 6 மணிக்கு விடிந்து மாலை 6 மணிக்கு அடையும் நாளில் அது 4.45. ரபிகளின் வாதங்களைத் தொகுத்த தல்மூது நூலில் கருத்து வேறுபாட்டுக்கு "பெலுக்தா" என்று பெயர். இன்றைய எபிரெயத்தில் அரசியல் கட்சி "மிஃப்லகா", கட்சிக்குள் பிரிந்து நிற்கும் கோஷ்டி "பெலெக்". இந்த வேருக்கு ஓய்வே இல்லை.

தமிழில் "கால்" என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். வாய்க்காலில் அது நீரோடும் வழி. கால், அரை, முக்கால் என்று எண்ணும்போது அது நாலில் ஒரு பங்கு. "கிளை" என்றால் மரக்கிளையும் உண்டு, கிளை வாய்க்காலும் உண்டு, உறவினரும் கிளைதான். பங்கு, நீர், சுற்றம் மூன்றும் நம் மொழியில் இப்படி அக்கம்பக்கத்தில் குடியிருப்பதால், எபிரெயத்தில் ஒரே பெயருக்குள் அவை அடைபட்டிருப்பது நமக்கு மற்றவர்களைவிட எளிதில் பிடிபடும்.

இப்போது பட்டியலின் அமைப்பைப் பாருங்கள். 10-ஆம் அதிகாரத்தில் அர்பக்சாத்திலிருந்து ஏபேர் வரை வம்சம் ஒரே கால்வாயாக வருகிறது. ஏபேரிடம் இரண்டாகப் பிரிகிறது. 10-ஆம் அதிகாரம் யொக்தான் பக்கம் போகிறது: அல்மோதாத், சாலேப், அசர்மாவேத் என்று 13 பேர். அசர்மாவேத் என்பது ஏமன் நாட்டின் ஹத்ரமவுத், சேபாவும் ஓப்பீரும் அந்தப் பக்கத்துப் பெயர்கள்தான். அந்தக் கிளை தெற்கு அரேபியாவுக்குப் பாய்ந்து அங்கேயே பரவி நின்றுவிடுகிறது. பேலேகுவின் பிள்ளைகளைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. பிறகு பாபேல் கதை, ஒன்பது வசனம். அது முடிந்ததும் சேமிலிருந்து மறுபடி தொடங்கி, இந்த முறை பேலேகு பக்கம் திரும்புகிறது: ரெகூ, செரூகு, நாகோர், தேராகு, பிற்பாடு ஆபிரகாம் ஆன ஆபிராம். சேமிலிருந்து ஆபிராம் வரை பத்துப் பேர், அதில் ஐந்தாவது பேலேகு. பாதி! ஒரே வம்சத்தை எழுத்தாளர் இரண்டு தடவை ஓடவிட்டு, முதல் தடவை ஒரு மடையையும் இரண்டாம் தடவை இன்னொரு மடையையும் திறக்கிறார். அந்த மடை இருக்கும் இடத்தின் பெயர் பெலெக்.

அதனால்தான் பிரிவு என்று மட்டும் சொல்லி முடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. வீட்டில், சபையில், ஊரில் பிரிவினை என்ற சொல்லை நாம் எப்போதும் காயத்தோடுதான் சொல்கிறோம், அதனால் பேலேகு என்ற பெயரிலும் ஒரு சாபத்தைத் தேடுகிறோம். பிள்ளைக்கு வைக்கக் கூடாத பெயர் என்று பிரசங்கத்தில் சொல்லக்கூடக் கேட்டிருக்கிறேன். எபிரெயக் காதுக்கு அந்தப் பெயரில் தண்ணீர்ச் சத்தமும் சேர்ந்து கேட்டிருக்கும். நிலத்தை வெட்டாமல் வாய்க்கால் இல்லை. ஆற்றைப் பிரிக்காமல் தூரத்து வயலுக்கு நீர் இல்லை.

ஆதியாகமத்தில் பெயருக்குச் சொல்லும் காரணங்கள் பலவும் ஒலியை வைத்துச் சொல்லப்படுபவை. நோவா என்ற பெயர் இளைப்பாறுதலின் வேரிலிருந்து வருவது, ஆனால் ஆறுதல் என்ற வேறு வினையை வைத்து விளக்கம் தரப்படுகிறது. பாபேல் என்றால் பாபிலோனியருக்குத் தெய்வத்தின் வாசல், ஆதியாகமம் அதைத் தாறுமாறு என்ற எபிரெயச் சொல்லோடு கோக்கிறது. பேலேகு அப்படியில்லை. இங்கே காரணமாகச் சொல்லும் வினையும் பெயரின் வேரும் உண்மையிலேயே ஒன்று. பட்டியலின் நடுவே நின்று "ஏனெனில்" என்று சொன்னவர் தன் மொழியைத் துல்லியமாக அறிந்து சொல்லியிருக்கிறார்.

பேலேகு கடைசியாக வருவது லூக்கா 3-ஆம் அதிகாரத்தில். அந்தப் பட்டியல் தலைகீழாக ஓடும். இயேசுவில் தொடங்கி, இன்னாருடைய குமாரன் இன்னார் என்று மேலே மேலே ஏறி ஆதாமிடம் போய்ச் சேரும். வாய்க்கால் கரையோடு ஊற்றை நோக்கி நடப்பவருக்கு எந்தக் கிளையும் பிரிவதாகத் தெரியாது, எல்லாமே பக்கத்திலிருந்து வந்து சேர்வதாகத்தான் தெரியும். அந்த வரிசையில் ரெகூவைத் தாண்டிப் பேலேகு, பேலேகுவைத் தாண்டி ஏபேர். யொக்தானின் பெயர் அங்கே இல்லை, பூமி பகுக்கப்பட்டது என்ற பேச்சும் இல்லை. ஏபேரின் குமாரன் என்பதோடு அவன் நின்றுவிடுகிறான்.